பலன் என்ற கட்டம்

சேன்-பியேர் மருத்துவமனை, நான்காம் மாடி.
இரவுப் பணியில் இப்போது மணமும் சேர்ந்துவிட்டது.
மூன்று நாள் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்:
லாவெண்டர் உறக்கத்துக்கு,
ஜெரேனியம் பதற்றம் தணிய,
வெத்திவேர் தரையில் கால் ஊன்ற.
அந்தச் சொல் மட்டும்
என் குடும்பப் பெயரைப்போலவே
கப்பலில் வந்து, உச்சரிப்பு தேய்ந்து, இங்கேயே தங்கியது.

பாதாம் எண்ணெயில் இரண்டு சொட்டு.
மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை, மெதுவாக.
பிறகு படிவத்தில் 'பலன்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும்.
கட்டம் சின்னது.
ஒரு சொல்லுக்குமேல் எவருக்கும் தேறாது என்று
யாரோ முன்பே முடிவு செய்திருந்தார்கள்.
நிம்மதி என்று எழுதினேன்,
வாரம் முழுக்க, எல்லோருக்கும்.

பன்னிரண்டாம் அறையில் ஃபுல்ஜான்ஸ் திஜூ.
ஈரல் போய்விட்டது, வாய் போகவில்லை.
முழங்கைக்குக் கீழே பழைய தீத்தழும்புகள்,
மெழுகு சொட்டி ஆறியதுபோல.
மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார்.
"இது எங்கள் மலைச் சரக்கில்லை."
புட்டியில் 'பூர்போன்' என்று பொன்னெழுத்தில் இருந்தது. காட்டினேன்.
"பொன்னெழுத்துக்கு மூக்கு உண்டா?"
விலை கேட்டார்.
பத்து மில்லி, பதினான்கு யூரோ.
கண்ணை மூடிக்கொண்டு உதடு அசையக் கணக்குப் போட்டார்.
"ஒரு சொட்டுக்கு ஒரு கைப்பிடி இலை.
நீ இப்போது துவாலையில் சிந்தினாயே,
அது நான் குனிந்து அறுத்தது."

அன்றைக்கும் நிம்மதி என்றுதான் எழுதினேன்.

ஞாயிறு விடுமுறை.
பிளேன் தே காஃப்ர் சாலையோரம்
தேனும் பூண்டும் விற்கிற பலகைக் கடையில்
இருமல் மருந்துப் புட்டியொன்றில் வாங்கினேன்.
பால்பாயின்ட் எழுத்தில் சீட்டு,
ஜெரேனியத்தில் ஓர் எழுத்துப் பிழை.

திங்கள் இரவு திறந்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
விரலில் மாட்டியிருந்த கருவிதான் சொன்னது:
எழுபத்தாறு.
எண்பத்தெட்டு.
நூற்று நான்கு.
மூடப் போனேன். புட்டியைப் பிடித்துக்கொண்டார்.
இன்னொரு தலையணை கேட்டார், பிறகு இன்னொன்று,
உட்கார்ந்துவிட்டார்.

தெவெலாவில் விடியுமுன்னே மூட்டிய அடுப்பு,
பச்சை விறகின் புகை,
செப்புக் கொப்பரைக்குள் இறங்கி
இலையை மிதித்து மிதித்து அமுக்கிய கால்.
தண்ணீர்மேல் எண்ணெய் படரும் அந்த நேரத்தில்
முதலாளி தவறாமல் தராசோடு வந்து நிற்பான்.
அவனுக்கு முன்னே ஒரு விரற்சிமிழ் அளவு திருடுவாராம்.
யோலேனுக்கு.
சனிக்கிழமை நடனத்தில் அவள் தடவிக்கொண்டு வர,
யாருடைய திருட்டு என்று கூடத்துக்கே தெரிந்ததாம்,
முதலாளிக்கும்.
சிரித்தார், இருமினார், இருமலுக்குள்ளும் சிரித்தார்.
"அப்புறம்?" என்றேன்.
"அப்புறம் என்ன, அவள் முதலாளியோடு ஆடினாள்."

என் கை எண்ணெயோடு காற்றில் நின்றது.
அவர் கையைத் தடவவே மறந்துபோனேன்.
நாலே முக்காலுக்குக் காபி கேட்டார். கூடாது.
அரைக் கோப்பை கொடுத்தேன்.

விடிந்தபின் படிவம்.
பேனா பழக்கத்தில் 'நி' போட்டுவிட்டது.
அடித்துவிட்டு எழுதினேன்: தூங்கவே இல்லை.
கோட்டைத் தாண்டி, ஓரத்தில், சின்னதாக:
அரைக் கோப்பை காபி. சிரிப்பு, பலமுறை.
நாடி ஏறியது, இறக்க மனம் வரவில்லை.

எலியெட், எங்கள் மேற்பார்வையாளர்,
சிவப்பு மையில் வட்டமிட்டு
இது பலனா, பக்கவிளைவா என்று கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
நல்லவள்தான். பேனாவை மூடி வைத்துக்கொண்டு
அந்த இருமல் மருந்துப் புட்டியை
ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.

கீழே, முதல் பேருந்து.
நெரிசலில் மேல்கம்பியைப் பிடித்தேன்.
பக்கத்திலிருந்த பெண்
எதையோ நினைத்தவள்போல் நிமிர்ந்து
மலைப் பக்கம் திரும்பினாள்.
பிறகு தும்மினாள்.